ஸ்டெம் செல் உருண்டையின் நடுப்பகுதி செத்துப்போகிறது, என்ன செய்யலாம்?

கீறல்காரி:
வணக்கம். கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த மீசென்கைமல் ஸ்டெம் செல்களை (எலும்பு, கொழுப்பு போன்ற திசுக்களாக மாறக்கூடிய மூலச் செல்கள்) வைத்து, காயம் ஆறுவதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். இதுவரை பிளாஸ்டிக் தட்டில்தான் வளர்த்தேன். இப்போது வழிகாட்டி, செல்களை உருண்டையாகத் திரட்டும் முப்பரிமாண வளர்ப்புக்கு மாறச் சொல்லிவிட்டார். தொங்கும் துளி முறைதான்: பெட்ரி மூடியின் உட்புறத்தில் 25 மைக்ரோலிட்டர் துளிகள், துளிக்கு 50,000 செல்கள், அப்படியே கவிழ்த்து வைத்தேன். உருண்டை அழகாகத்தான் வந்தது, குறுக்களவு சுமார் 550 மைக்ரான். ஐந்தாம் நாள் வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தால் நடுவில் எல்லாம் பிணம்.

இன்னொரு வயிற்றெரிச்சல். உருண்டைகள் இருந்த ஊடகத்தை (செல்களுக்கு ஊட்டம் தரும் திரவம்) தோல் செல்களின் மீது ஊற்றிக் கீறல் சோதனை செய்தேன், அதாவது செல் படலத்தில் கோடு கிழித்து அது எவ்வளவு மூடுகிறது என்று பார்த்தேன். 24 மணி நேரத்தில் கீறல் நன்றாக மூடியது. தட்டில் வளர்ந்த செல்களின் ஊடகத்திலும் ஏறக்குறைய அதே அளவு மூடியது! அப்புறம் எதற்கு இந்த மெனக்கெடல்?

துளிவேந்தன்:
அடித்தட்டில் உப்புக்கரைசல் ஊற்றினீர்களா? இல்லாவிட்டால் துளி வற்றி உப்பு ஏறிவிடும். நான் ஒரு வாரத்து வேலையை அப்படித் தொலைத்திருக்கிறேன்.

கீறல்காரி:
ஊற்றினேன். துளி வற்றவில்லை.

பழைய பிப்பெட்:
அப்படியானால் அளவுதான் பிரச்சினை. ஆக்சிஜன் திசுக்குள் 100 முதல் 200 மைக்ரான் வரைதான் ஊடுருவும். உங்கள் உருண்டையின் ஆரமே 275. செல்களைப் பாதியாகக் குறைத்தால் குறுக்களவு பாதியாகாது, கனமூலக் கணக்கு. ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். 1,000 செல் போட்டால் 150 மைக்ரான் பக்கம் வரும். அத்தனை சின்ன உருண்டைகளைத் துளித்துளியாகத் தொங்கவிட்டால் கை ஒடிந்துவிடும். அகரோஸில் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்) குழிகள் வார்த்து அதில் செல்களை இறக்குங்கள். அகரோஸில் ஒட்ட இடம் கிடைக்காததால் தாமாகவே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

ஆக்சிஜன் குறைவே கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். லேசாக மூச்சு முட்டினால் ஆக்சிஜன் குறைவுக்கு ஏற்பச் செயல்படும் ஹெச்ஐஎஃப்-1 ஆல்ஃபா புரதம் நிலைத்து, புது ரத்தக்குழாய்க்கு அழைப்பு விடுக்கும் விஇஜிஎஃப் புரதம் கூடும். நமக்கு அது வேண்டும். பிணம்தான் வேண்டாம்.

சரி, ஒரு கேள்வி. அந்த ஊடகத்தில் சீரம் (ரத்தத்தின் தெளிந்த பகுதி, வளர்ச்சிக் காரணிகள் நிறைந்தது) இருந்ததா?

கீறல்காரி:
10 சதவீதம்... ஐயோ.

பழைய பிப்பெட்:
அதேதான். சீரமே கீறலை மூடிவிடும். உங்கள் செல்கள் வேடிக்கை பார்த்திருக்கும். சீரம் இல்லாத ஊடகத்தில் வைத்து எடுங்கள். செல்லே போடாத ஊடகம் ஒன்றும் கூடவே ஓடட்டும். பெருகுவதையும் நகர்வதையும் பிரித்துப் பார்க்க, செல் பெருக்கத்தை நிறுத்தும் மைட்டோமைசின் சி. முடிவுகளை டிஎன்ஏ அளவால் வகுத்துவிடுங்கள், அதுதான் செல் எண்ணிக்கையைக் காட்டும். பாதி செல் செத்த உருண்டையையும் நிறைந்த தட்டையும் அப்படியே ஒப்பிட்டால் உருண்டைக்கு அநியாயம்.

இதெல்லாம் செய்தாலும் கீறல் சோதனை மட்டும் போதாது என்பது என் கருத்து. 2010இல் வந்த ஓர் ஆய்வில், தொங்கும் துளியில் 25,000 செல் உருண்டைகள் டிஎஸ்ஜி-6 என்ற அழற்சி அடக்கும் புரதத்தைத் தட்டுச் செல்களைவிட மிக அதிகமாக உண்டாக்கின. ஆறாத காயத்தில் பெரும்பாலும் அழற்சி அடங்காததுதானே தொல்லை? உங்கள் கீறல் தட்டில் அழற்சியைக் கிளப்பும் நோயெதிர்ப்புச் செல்லான மேக்ரோஃபேஜ் ஒன்றுகூட இல்லை. அடக்க ஆளே இல்லாத இடத்தில் அடக்கும் திறமையை எப்படிக் காண்பீர்கள்? மேக்ரோஃபேஜ்களை எல்பிஎஸ் (பாக்டீரியாவின் மேலுறைப் பொருள்) கொடுத்துக் கிளப்பிவிட்டு, உங்கள் ஊடகம் அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் ஆல்ஃபா புரதத்தைக் குறைக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் அங்கேதான் தெரிய வாய்ப்பு அதிகம்.

துளிவேந்தன்:
எலிக்குப் போகும்போது இன்னொன்று. எலித்தோலின் அடியில் உள்ள தசைப்படலம் காயத்தைச் சுருக்கி மூடிவிடும், நமக்கு அப்படி இல்லை. காயத்தைச் சுற்றி சிலிகான் வளையம் தைத்தால்தான் தோல் வளர்ந்து மூடுவது தெரியும். உருண்டைகளை ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உண்டாகும் புரதம்) ஜெல்லில் வைத்துப் போடுங்கள், வெறும் திரவத்தில் விட்டால் வழிந்துவிடும். மேட்ரிஜெல் என்ற ஜெல் வேண்டாம், எலியின் கட்டியிலிருந்து எடுப்பது அது. பிறகு மனிதருக்குக் கொண்டுபோக முடியாது.

கீறல்காரி:
அகரோஸ் வார்த்தாயிற்று. முதல் தடவை குமிழி விழுந்து பாதிக் குழிகள் வீண், இரண்டாவது தேறியது. இந்த முறை 1,000, 5,000, 25,000 மூன்றையும் வைத்து, மூன்றாம் நாளிலேயே வெட்டிப் பார்க்கப் போகிறேன். மேக்ரோஃபேஜ் பக்கத்து ஆய்வகத்தில் கேட்டிருக்கிறேன்.