கடலூர் – புதுச்சேரி அன்றாட ஓட்டத்துக்கு பிஎம்டபிள்யூ இசட்4: கட்டுப்படியாகும் மாற்று டயர் எது?

மஞ்சக்குப்பத்தான், கடலூர்

அனைவருக்கும் வணக்கம். பழைய கார்ச் சந்தையில் வாங்கிய இ89 தலைமுறை பிஎம்டபிள்யூ இசட்4 (இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்) என்னிடம் உள்ளது. மஞ்சக்குப்பத்திலிருந்து ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வழியாகப் புதுச்சேரியிலுள்ள அலுவலகத்துக்கு நாள்தோறும் அதில்தான் சென்று வருகிறேன். முன்சக்கரங்களில் 225/40 ஆர்18, பின்சக்கரங்களில் 255/35 ஆர்18 அளவுள்ள ரன்பிளாட் டயர்கள், அதாவது காற்றுப் போனாலும் சிறிது தூரம் ஓடக்கூடியவை, இருக்கின்றன (முதல் எண் மி.மீ.யில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை விழுக்காடு என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம்). பின் டயர்களின் உள் ஓரம் தேய்மானக் குறியைத் தொட்டுவிட்டது. ஆனால் வெளி ஓரத்தில் வரிகள் பாதி மிச்சமிருக்கின்றன. முன் டயர்களும் முடியும் தறுவாயில்தான் உள்ளன.

நான்கையும் அதே வகையில் வாங்குவது என் சக்திக்கு மீறியது. வெளிநாட்டிலிருந்து வந்த, பாதி தேய்ந்த டயர்கள் சென்னையில் மலிவாகக் கிடைக்கும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அவற்றை நம்பலாமா? ரன்பிளாட்டை விட்டுவிட்டுச் சாதாரண டயருக்கு மாறலாமா? ஐப்பசி மழைக்கு முன் மாற்றியாக வேண்டும்.

வில்லியனூர் சக்கரம், புதுச்சேரி

வணக்கம் ஐயா. டயர் கடையில் பணிபுரிபவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உள் ஓரம் மட்டும் தேய்ந்திருப்பதற்குக் காரணம் டயரின் தரமன்று. இந்தக் காரின் பின்சக்கரங்கள், மேற்புறம் சற்று உள்நோக்கிச் சாய்ந்திருக்கும்படியே தொழிற்சாலையில் அமைக்கப்படுகின்றன. அதனுடன் டோ கோணமும் (சக்கரத்தின் முன்புறம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) சிறிது பிசகிவிட்டால், அல்லது சஸ்பென்ஷன் புஷ்கள் (இணைப்புகளிலுள்ள ரப்பர் உறைகள்) தளர்ந்துவிட்டால், உள் ஓரம் மிக விரைவில் மொட்டையாகிவிடும். நான்கு சக்கரங்களுக்கும் அலைன்மென்ட் (சக்கரக் கோணச் சீரமைப்பு) பார்க்கும் இடத்தில் பின்சக்கரக் கோணங்களை அச்சிட்டு வாங்கிப் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல டயரைப் போட்டாலும் இதே கதைதான்.

பயன்படுத்திய டயரை வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 40, 35 போன்ற தாழ்ந்த பக்கச்சுவர் கொண்ட டயர்கள் பள்ளத்தில் விழுந்து உள்ளே இழைகள் அறுந்திருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. முந்தைய உரிமையாளர் காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓட்டினார் என்பதும் தெரியாது. புதுச் சரக்கிலும் டயரின் பக்கச்சுவரில் உள்ள தயாரிப்பு எண்ணைப் பாருங்கள். அதில் கடைசி நான்கு இலக்கங்கள் 3225 என்றிருந்தால், 2025ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தபின், சில அளவுகளில் நெடுநாள் கிடங்கில் கிடந்த சரக்கும் கடைக்கு வருகிறது என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

அடுத்து, எதில் சிக்கனம் காட்டலாம், எதில் கூடாது என்பது. நம் பகுதியில் ஈரச்சாலைப் பிடிமானத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதை அனைவரும் பார்த்தோம். அத்தகைய நாளில் யாரும் காரை எடுக்கப்போவதில்லை. ஆனால் சாதாரண வடகிழக்குப் பருவமழையிலேயே சாலையில் விரல் அளவு நீர் நிற்கும் இடங்கள் பல உண்டு. அகன்ற டயர் நீரின்மேல் மிதந்து பிடி விடும் வாய்ப்பு அதிகம், எடை குறைந்த காரில் இன்னும் அதிகம். சட்டப்படி 1.6 மி.மீ. வரி ஆழம் போதும். எனினும் இந்தக் காருக்கு 3 மி.மீ. வந்தவுடன் மாற்றிவிடுவதே என் பரிந்துரை.

டயரில் பொறித்திருக்கும் டிரெட்வேர் (தேய்மானத்தைத் தாங்கும் அளவு) எண்ணைக் காட்டி, இது நீண்ட நாள் உழைக்கும் என்று விற்பவர்கள் உண்டு. அந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தானே தன் டயருக்குக் குறிப்பதால், இரு வேறு நிறுவனங்களின் டயர்களை அதை வைத்து ஒப்பிட முடியாது. மிக உயர்ந்த எண் கொண்ட கடினமான ரப்பர், ஈரத்தில் பிடிமானம் குறைந்ததாக இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எம்ஆர்எஃப் பெர்ஃபின்சா, அப்பல்லோவின் விரெடெஸ்டைன் அல்ட்ராக் வோர்ட்டி ஆகியவை இத்தகைய கார்களை மனத்தில் வைத்துச் செய்யப்படுபவை. மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 என் விருப்பம், ஆனால் விலை கூடுதல். உங்கள் இரண்டு அளவுகளிலும் ஒரே வகை டயர் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள்; முன்னே ஒன்று, பின்னே வேறொன்று என்று கலக்காதீர்கள்.

கடற்கரைச்சாலை, புதுச்சேரி

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ரன்பிளாட்டை விடுவது பற்றி மட்டும் சற்று யோசிக்க வேண்டுகிறேன், சகோதரரே. இந்தக் காரில் மாற்றுச் சக்கரமே கிடையாது. காற்று முழுதும் போனாலும் ரன்பிளாட் டயர் மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்குள் ஏறத்தாழ 80 கி.மீ. தூரம் கொண்டுசேர்க்கும். இரவில் தனியாகத் திரும்பும் என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல். சாதாரண டயருக்கு மாறினால், ஓட்டையடைக்கும் திரவமும் சிறு காற்றுப் பம்பும் காரில் இருந்தே ஆக வேண்டும். ஆணி குத்தினால் அவை உதவும். பக்கச்சுவர் கிழிந்தால் உதவா, இழுவை வண்டிதான்.

இவ்வளவும் சொன்னபிறகு, நம் சாலைகளின் குண்டுகுழிகளில் ரன்பிளாட்டின் விறைப்பு முதுகை வருத்துகிறது என்பதையும் மறுக்கமாட்டேன்.

நெல்லிக்குப்பம் வாசகர்

விலைதான் தடை என்றால் 18 அங்குலத்தை விட்டு இறங்குங்கள். ஓட்டுநர் கதவுத் தூணருகே ஒட்டப்பட்டுள்ள தாளில் 225/45 ஆர்17 அளவு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 225/40 ஆர்18 டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 637 மி.மீ., 225/45 ஆர்17 ஏறத்தாழ 634 மி.மீ.; ஆகவே வேகமானியில் குறிப்பிடத்தக்க பிழை வராது. நான்கும் ஒரே அளவாகிவிட்டால் முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைப் பங்கிட முடியும்; இப்போதுள்ள இரு அளவுகளில் அதற்கு வழியில்லை. ஆக்டேவியா, ஆடி ஏ3 போன்ற கார்களிலும் இந்த 17 அங்குல அளவு இருப்பதால் தேர்வும் அதிகம், விலையும் குறைவு. பக்கச்சுவர் உயர்வதால் ரிம்மும் பிழைக்கும். பின்பக்கப் பிடிமானம் சற்றுக் குறையும் என்பது உண்மை. அன்றாட ஓட்டத்தில் அதை நீங்கள் உணரும் தருணங்கள் அரிது.

பெட்ரோலைப் போல டயரும் புதுச்சேரியில் மலிவு என்று எண்ண வேண்டாம். ஜிஎஸ்டி இரு பக்கமும் ஒன்றே. 2025 செப்டம்பர் 22 முதல் அது 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துள்ளது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேளுங்கள்.

மஞ்சக்குப்பத்தான், கடலூர்

மூவருக்கும் நன்றி. கதவுத் தூணில் 225/45 ஆர்17 அளவு இருக்கிறது. விரிசலோ வளைவோ இல்லாத 17 அங்குல அசல் ரிம்களைத் தேடத் தொடங்கியுள்ளேன். கிடைத்தால் சாதாரண டயரும் பம்பும், கிடைக்காவிட்டால் 18 அங்குலத்திலேயே சாதாரண டயர் நான்கு. சுமைக்குறியீடும் வேகக்குறியீடும் எவ்வளவு இருக்க வேண்டும்?

வில்லியனூர் சக்கரம், புதுச்சேரி

17 அங்குலத்துக்கு 91 டபிள்யூ எடுங்கள் ஐயா. 91 என்றால் டயர் ஒன்றுக்கு 615 கிலோ, டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ. வரை. தாளில் உள்ளதைவிடக் குறைந்த குறியீடு வேண்டாம். ரிம் வாங்கும்முன் அது பிரேக் காலிப்பரில் (பிரேக் கட்டைகளை அழுத்தும் பாகம்) உரசாமல் சுழல்கிறதா என்று ஒரு சக்கரத்தை மட்டும் மாட்டிப் பாருங்கள். வால்வையும் புதிதாகவே போடச் சொல்லுங்கள். கடற்காற்றில் பழைய வால்வின் உலோகம் அரித்துப்போயிருக்கும். மாட்டியபின் காற்றழுத்த எச்சரிக்கை அமைப்பை மீட்டமைத்து, முதல் சில நூறு கி.மீ. மிதமாக ஓட்டுங்கள்.