பழைய வீட்டில் கேமிங் கணினி: எத்தனை வாட் பவர் சப்ளை வாங்கலாம்?

கேள்வி (கானாடுகாத்தான்)

அனைவருக்கும் வணக்கம். ரைசன் 5 7600 பிராசஸரும் ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டும் வைத்துக் கணினி ஒன்றைப் பூட்டி வருகிறேன். பவர் சப்ளை மட்டுமே பாக்கி. கடைக்காரர் 850 வாட்டுக்குக் குறையக் கூடாது என்கிறார். என் கணக்கோ 400 வாட்டைத் தாண்டவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களுடையது ஐயா காலத்து வீடு. இரண்டாம் கட்டு அறையில் இருக்கும் பழைய கணினியின் பெட்டியை, ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டால், விரல் நுனியில் சுருசுருவென்று ஏறுகிறது. மட்டமான பவர் சப்ளைதான் காரணம் என்று எண்ணி, இம்முறை நல்லதாகவே வாங்க விரும்புகிறேன்.

மறுமொழி (காரைக்குடி)

தங்கள் கணக்கு சரியானதே. அந்த பிராசஸர் அதிகபட்சம் 88 வாட், கார்டு 220 வாட், மற்றவற்றுக்கு ஒரு 60 வாட் என்று வைத்தாலும் 370 வாட்டுக்குள் அடங்கிவிடும். அப்படியிருந்தும் கார்டின் சிப்பைத் தயாரிக்கும் என்விடியா 650 வாட் வேண்டும் என்று பரிந்துரைப்பதற்குக் காரணம், விளையாட்டின் நடுவே கார்டு கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவான கணத்துக்குத் தன் அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுப்பதுதான். கணினி பவர் சப்ளைகளுக்கென்று 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, பவர் சப்ளை தன் அளவைப் போல இரு மடங்குச் சுமையை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும் என்கிறது. ஆகவே அந்த விதிமுறைக்கு உட்பட்ட 650 வாட் போதும்; பின்னாளில் பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 750 வாட் வாங்கலாம்.

80 பிளஸ் கோல்டு முத்திரையைப் பார்த்து மட்டும் வாங்கிவிட வேண்டாம். அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவுகோலே தவிர, உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்றுகளைப் பற்றி எதுவும் சொல்லாது. நான் முதலில் பார்ப்பது வாரண்டியைத்தான். ஏழு அல்லது பத்து ஆண்டு கொடுப்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பழைய பவர் சப்ளையின் கேபிள்களைப் புதியதில் செருகவே கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே கம்பி வரிசை மாறியிருந்தால் ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே போய்விடும்.

மறுமொழி (தேவகோட்டை)

வயரிங் வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், தம்பி. அந்தச் சுருசுருப்புக்குப் பவர் சப்ளை கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு பவர் சப்ளையின் நுழைவாயிலிலும் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் இரண்டு, மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியிலிருந்தும் அது திரும்பும் நியூட்ரல் கம்பியிலிருந்தும் இரும்புப் பெட்டிக்கு இணைந்திருக்கும். அவற்றின் வழியே சிறிது மின்சாரம் பெட்டிக்குக் கசியும்; எர்த் இல்லாத வீட்டில் அந்தக் கசிவு போக வழியின்றிப் பெட்டியிலேயே நிற்பதால், 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி அங்கே தெரியும். எவ்வளவு விலை கொடுத்துப் புதியதை வாங்கினாலும் இதே சுருசுருப்பு வரும்.

பழைய வளவு வீடுகளில், சுவரில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருந்தும் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாததை எத்தனையோ முறை கழற்றிப் பார்த்திருக்கிறேன். முதலில் எர்த் குழி போட்டு, அங்கிருந்து இரண்டாம் கட்டு வரை தனிக் கம்பி இழுத்து, மின் கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துச் செம்மண் கோடையில் காய்ந்துவிடும் என்பதால் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். நியூட்ரலையே எர்த்தோடு இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நியூட்ரல் அறுந்த அன்று கணினிப் பெட்டி முழுவதும் ஃபேஸாகிவிடும், அது உயிரையே பறிக்கும்.

மறுமொழி (கானாடுகாத்தான்)

தேவகோட்டை அண்ணன் சொன்னபடி, மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கொண்டு பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒட்டடை மட்டுமே இருந்தது. 850 வாட்டுக்கென்று எடுத்து வைத்த பணத்தில் 650 வாட் வாங்கிக்கொண்டு, மீதியை எர்த் குழிக்குச் செலவிடப்போகிறேன். குழி முடிந்த பிறகே புதிய கணினிக்கு மின்சாரம் கொடுப்பேன்.