அமெரிக்காவில் வளரும் கொரியப் பிள்ளைகள்: மறக்க முடியாத ஒரு சந்திப்பு

பவானிக்கரை:
நியூஜெர்சி பாலிசேட்ஸ் பார்க்கில் பிராட் அவென்யூ தெரியும்தானே, கடைப்பலகை எல்லாம் கொரிய எழுத்து. அங்கே ஒரு டிரை கிளீனிங் கடை. கல்லாவில் அம்மா. பள்ளி விட்டதும் ஐந்தாம் வகுப்பு படிக்கிற மகளும் வந்துவிடுவாள். ஒருநாள் எனக்கு முன்னால் நின்றவர், கோட்டில் கறை போகவில்லை என்று கத்தினார். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்குக் கடை எதற்கு என்பது வரை போனார். அம்மா மகளைப் பார்த்தார். ஒரு நிமிஷம் கொட்டிய வசவை அவள் நாலைந்து சொல்லில் முடித்துவிட்டாள். அம்மா தலை குனிந்து, கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். முகத்தில் வருத்தமே இல்லை. அந்தப் பேச்சு அவரிடம் போய்ச் சேரவே இல்லை! மகள் சீட்டு எழுதும்போது பென்சில் முனை உடைந்தது, அவ்வளவு அழுத்தம். நான் பட்டுப்புடவையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். எட்டு வருஷம் ஆகிறது.

வைகைக்காரன்:
என் மகளோடு படித்த கொரியப் பெண்ணின் பெயர் 'உன்' என்று தொடங்கும், ஆனால் உதடு குவியாத உகரம். ஆசிரியை 'யூன்' என்பார். அவளும் திருத்துவதை விட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் சாப்பிட வந்தபோது, 'காசு' என்பதன் கடைசி உகரத்தை வைத்து அவள் பெயரைச் சொன்னேன். தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க அங்கிள்." மூன்று தடவை சொல்ல வைத்தாள். நம் குற்றியலுகரம்! அவர்களுக்கும் 'ஒம்மா', 'அப்பா'தான். இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள், சந்தேகமே வேண்டாம்.

தாமரை_டெக்சாஸ்:
வைகைக்காரன், சந்தேகம் வேண்டும். அம்மா, அப்பா போன்ற சொற்கள் பல மொழிகளில் உண்டு, குழந்தை வாயில் முதலில் வருகிற உதட்டொலிகள் அவை. 1905இல் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்க மிஷனரி கொரிய மொழியைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு இலக்கணமே எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை.

நான் பார்த்தது ஆஸ்பத்திரியில். பாட்டியின் ஸ்கேன் முடிவை ஒரு கொரியச் சிறுமி மொழிபெயர்த்தாள். 'கட்டி'க்குக் கொரியச் சொல் தெரியாமல் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

தயவுசெய்து எல்லோரும் கேளுங்கள். மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனை மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். அவசர நிலை தவிரப் பிள்ளைகளை மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது. அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டு வையுங்கள். நேரில் ஆள் இல்லாவிட்டால் போனில் வருவார்கள். ஊரிலிருந்து வரும் நம் பெற்றோருக்கும் இதையே செய்யுங்கள். "பிள்ளைக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே" என்று விட்டுவிடாதீர்கள்.

பவானிக்கரை:
சரி தாமரை, ஆஸ்பத்திரிக்குச் சட்டம் இருக்கிறது. டிரை கிளீனிங் கல்லாவுக்கு? அங்கே நான்தான் இருந்தேன். கத்தியவர் போனதும் அந்தப் பெண் வேறு பென்சில் எடுத்து, என் புடவைக்குச் சீட்டு எழுதி, "வியாழக்கிழமை ரெடியாகிவிடும்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.