இரண்டு மாதத்துக்குள் மூன்று குவார்ட்டர்பேக்கும் மாறியது ஏன்? ஸ்டீலர்ஸ் பற்றி ஒரு கேள்வி

குழித்துறை_தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே. அக்காவும் அத்தானும் பிட்ஸ்பர்கில் இருக்கிறார்கள். 2023-இல் ஊருக்கு வந்தபோது கென்னி பிக்கெட்டின் 8-ஆம் நம்பர் ஜெர்சி ஒன்று கொண்டு வந்து தந்தார்கள், அதிலிருந்துதான் அந்த ஊர் அமெரிக்க ஃபுட்பால் அணியான ஸ்டீலர்ஸின் ஆட்டம் பார்க்க ஆரம்பித்தேன். ஞாயிறு ராத்திரி பத்தரைக்குத் தொடங்கும், நவம்பர் வந்துவிட்டால் பதினொன்றரை. அம்மா எழுந்துவிடாமல் இருக்க போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பேன். ஆட்டம் புரியவே ஒரு சீசன் போய்விட்டது.

புரிந்து வந்த நேரத்தில் 2024 பிப்ரவரி, மார்ச்சுக்குள் டிருபிஸ்கி, பிக்கெட், ருடால்ஃப் என்று குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர்) மூன்று பேரும் அணியில் இல்லை. ரஸ்ஸல் வில்சன் வந்தார், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் வந்தார். சரி, இவர்களோடு பழகிக்கொள்வோம் என்று பார்த்தால் 2025-இல் அவர்களும் போய்விட்டார்கள். நம்மூரில் ஒரு நல்ல கோல்கீப்பர் அமைந்தால் அவன் தோள் கழன்றால் ஒழிய மாற்ற மாட்டார்கள். அங்கே மட்டும் ஏன் இப்படி? ஆட்டம் சரியில்லாததாலா, பணக்கணக்கா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள்.

கருங்கல்_டு_ஒஹாயோ:
தம்பி, நான் கருங்கல்காரன், இங்கே ஒஹாயோவில் இருக்கிறேன். கதை 2022-இல் தொடங்குகிறது. பென் ராத்லிஸ்பெர்கர் 18 சீசன் ஆடிவிட்டு அந்த ஜனவரியில் ஓய்வு பெற்றார். அவர் இருந்தவரை அந்த அணிக்கு இந்தக் கவலையே கிடையாது. அவர் போன அதே வருடம் டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில், முதல் சுற்றில் 20-ஆவது ஆளாக பிக்கெட்டை எடுத்தார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், கல்லூரி ஆட்டமும் ஸ்டீலர்ஸ் ஆடும் இதே ஸ்டேடியத்தில்தான் ஆடினார், அதனால் ஊரே அவரைத் தன் பிள்ளை மாதிரி பார்த்தது. ஆனால் இரண்டு சீசனில் சேர்த்து 13 டச்டவுன் பாஸ்தான் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துத் தரும் எறிதல்). 2023 டிசம்பரில் கணுக்காலில் அடி, முதலில் டிருபிஸ்கி ஆடினார், அது சரிவரவில்லை என்று ருடால்ஃபை இறக்கினார்கள், அவர் கடைசி மூன்று லீக் ஆட்டத்தையும் ஜெயித்துக் கொடுத்தார். பிக்கெட் உடம்பு தேறி வந்த பிறகும் ருடால்ஃபே ஆடினார். பிக்கெட்டின் இடம் அங்கேயே ஆடிவிட்டது என்பது என் எண்ணம்.

அப்புறம் எல்லாம் ஒரே வாரம். மார்ச் 10-இல் வில்சன் வருகிறார் என்ற செய்தி, 15-இல் பிக்கெட்டை ஈகிள்ஸ் அணிக்கு அனுப்பினார்கள், 16-இல் பேர்ஸ் அணியிடமிருந்து ஃபீல்ட்ஸை டிராஃப்டில் ஒரு ஆறாம் சுற்றுத் தேர்வு உரிமையைக் கொடுத்து வாங்கினார்கள். 2021-இல் 11-ஆவதாக எடுக்கப்பட்ட ஆள் அவர்! பேர்ஸ் கையில் அந்த வருடத்தின் முதல் தேர்வே இருந்தது, கல்லூரி குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை எடுக்கப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் விலை அப்படி விழுந்துவிட்டது.

சின்னத்துறை_போட்டு:
பணக்கணக்கு நான் சொல்கிறேன், எனக்கு இது ரொம்பப் பழகின கணக்கு. நம்ம மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். போட்டெல்லாம் கட்டிக் கிடக்கும், வலை பொத்துவோம், எஞ்சின் பிரிப்போம், ஆள் மாறுவதும் அந்த இரண்டு மாதத்தில்தான். நல்ல டிரைவர் வேண்டுமானால் முன்பணம் கொடுத்துப் பிடித்து வைக்க வேண்டும். என் போட்டில் ஒரு டிரைவருக்கு அப்படிப் பெரிய தொகை கொடுத்தேன், இரண்டு வருடம் மீன்பாடே இல்லை, இறக்கிவிட்டேன். முன்பணம் போனது போனதுதான். அடுத்த தடைக்காலம் முடிந்ததும் அதே ஆளை வேறொருவர் கையில் ஒன்றும் கொடுக்காமல் ஏற்றிக்கொண்டு போனார்.

டென்வர் பிராங்கோஸ் செய்தது அச்சு அசல் இதுதான். 2022-இல் வில்சனுக்கு ஐந்து வருடத்துக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள், இரண்டே சீசனில் விட்டுவிட்டார்கள். விட்டாலும் 2024-க்கு 3 கோடியே 90 லட்சம் டாலர் அவருக்கு உறுதி. வேறு அணி எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவு டென்வர் கொடுக்க வேண்டியதில் கழியும். அப்படியென்றால் ஸ்டீலர்ஸ் எதற்குக் கூடக் கொடுக்க வேண்டும்? குறைந்தபட்சச் சம்பளம் 12 லட்சத்து 10 ஆயிரம் டாலரோடு முடித்துக்கொண்டார்கள். அந்த வருடம் ஒரு அணி மொத்த ஆட்டக்காரர்களுக்கும் செலவழிக்கக்கூடிய வரம்பு 25 கோடியே 54 லட்சம். அதில் குவார்ட்டர்பேக்குக்கு இவ்வளவு கொஞ்சமாகப் போனால் மிச்சத்தில் தடுப்பாட்டக்காரர்களை நன்றாக வைத்துக்கொள்ளலாம். நான் அந்த அணி முதலாளியாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

குழித்துறை_தம்பி:
முன்பணக் கணக்கு இப்போதுதான் மண்டையில் ஏறியது அண்ணே, நன்றி. ஆனால் ஒன்று. அந்த சீசன் முதல் ஆறு ஆட்டம் ஃபீல்ட்ஸ் ஆடி நாலு ஜெயித்தாரே, பிறகு ஏன் உட்கார வைத்தார்கள்? அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருந்தது.

தூத்தூர்_மணல்:
நான் தூத்தூரில் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறவன். அந்த விளையாட்டை ஆழமாக அறிந்தவன் அல்ல, ஆனால் இரண்டு கீப்பரை வைத்துக்கொண்டு ஒரு வருடம் நான் பட்டது இருக்கிறது. பயிற்சி நேரம் ஒன்றுதான். டிஃபென்ஸ்காரன் ஒருவன் குரலுக்குத்தான் பழகுவான். பாதி நாள் ஒருவன், பாதி நாள் இன்னொருவன் என்று நிறுத்தினேன், கார்னர் வரும்போது பின்னால் நிற்கிற பையன் திரும்பிப் பார்ப்பான், யார் நிற்கிறார்கள் என்று பார்க்க. அந்த ஒரு நொடியில் கோல் விழுந்திருக்கிறது.

வில்சனுக்குப் பயிற்சி முகாமிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, முதல் ஆட்டத்துக்கு முன்னால் மறுபடியும். அதனால்தான் ஃபீல்ட்ஸ் இறங்கினார். வில்சன் குணமானதும் அப்போதைய பயிற்சியாளர் மைக் டாம்லின் முதலில் நினைத்திருந்த ஆளுக்கே திரும்பினார், ஏழாவது ஆட்டத்தில் ஜெட்ஸை 37-15 என்று அடித்தார்கள். அவர் கையில் முதல் ஏழில் ஆறு வெற்றி. அப்போது எல்லோரும் டாம்லினைப் பாராட்டினார்கள். பிறகு நாலு ஆட்டம் தொடர்ந்து தோல்வி, லீக் முடிந்து வரும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் ரேவன்ஸிடம் 28-14. என் அபிப்பிராயம், இரண்டு பேரில் ஒருவரை முகாம் தொடங்கும் முன்பே முடிவு செய்து, இளையவனாக இருந்தால் அவனுக்கே முழு வருடத்தையும் கொடுத்திருக்க வேண்டும். ஃபீல்ட்ஸுக்கு அப்போது 25 வயது. ஆறு ஆட்டத்தில் ஒரு பையனைப் பற்றி என்ன தெரிந்துவிடும்?

கருங்கல்_டு_ஒஹாயோ:
மணல் அண்ணன் சொல்வதோடு முழுதாக ஒத்துப்போகிறேன். இருவருக்கும் ஒப்பந்தம் ஒரு வருடம்தான் மிச்சம் இருந்தது, ஃபீல்ட்ஸின் ஒப்பந்தத்தை ஐந்தாம் வருடத்துக்கு நீட்டிக்கும் உரிமையை ஸ்டீலர்ஸ் பயன்படுத்தவில்லை. அதனால் 2025 மார்ச்சில் ஃபீல்ட்ஸ் இரண்டு வருடத்துக்கு 4 கோடி டாலருக்கு ஜெட்ஸுக்கும், வில்சன் ஜயன்ட்ஸுக்கும் போனார்கள். ருடால்ஃப் திரும்பி வந்தார். ஜெட்ஸ் விட்டுவிட்ட ஆரன் ராட்ஜர்ஸ் ஜூனில் 41 வயதில் ஒரு வருடத்துக்கு 1 கோடியே 36.5 லட்சத்துக்குக் கையெழுத்திட்டார். ஆக, இரண்டு அணியும் ஆளை மாற்றிக்கொண்டது போலத்தான். முதல் வாரமே இருவரும் நேருக்கு நேர், ஸ்டீலர்ஸ் 34-32, ராட்ஜர்ஸ் நாலு டச்டவுன் பாஸ். ஃபீல்ட்ஸும் அன்றைக்கு நன்றாகவே ஆடினார், பார்க்கும்போது விட்டுவிட்டோமே என்று இருந்தது.

தம்பி, உன் ஜெர்சிக்காரரைப் பற்றி ஒன்று. ஈகிள்ஸுக்குப் போன அந்த முதல் சீசனிலேயே இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஜெயித்தார்கள், சீஃப்ஸுக்கு எதிராக 40-22. ஆட்டம் முடியும் தறுவாயில் அவர்களுடைய முதல் குவார்ட்டர்பேக் ஹர்ட்ஸை வெளியே எடுத்துவிட்டு பிக்கெட்டைத்தான் இறக்கினார்கள். பார்த்தாயா?

குழித்துறை_தம்பி:
இல்லை அண்ணே. நம்மூரில் அது திங்கட்கிழமை காலை, ஐந்து மணியிலிருந்து பார்த்தேன், எட்டு மணிக்கு மேல் மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறிவிட்டேன், மேம்பாலத்துப் பக்கம் போகும்போது நெட் நின்றுவிட்டது. ஜெயித்தது மட்டும் தெரியும், அவர் இறங்கினார் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. இன்றைக்கு ராத்திரி தேடி எடுத்துப் பார்க்கிறேன்.