கருத்தடைக்குப் பின் தூக்கத்தில் சிறுநீர் கசியும் நாய்: மருந்து எங்கே கிடைக்கும்?

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். எங்கள் லாப்ரடார் பெண் நாய்க்கு ஆறு வயது, எடை 28 கிலோ. இரண்டு வருடம் முன்பு கருத்தடை அறுவை செய்தோம். போன மழைக்காலத்திலிருந்து, படுத்துத் தூங்கினால் தானாகவே சிறுநீர் கசிகிறது. எழுந்திருக்கும்போது படுக்கை நனைந்திருக்கும். வெளியே அழைத்துப் போனால் வழக்கம்போலத்தான் போகிறாள். வலியோ ரத்தமோ இல்லை, தண்ணீரும் அதிகமாகக் குடிப்பதில்லை. ஈரத்திலேயே கிடப்பதால் தொடையில் புண் வர ஆரம்பித்திருக்கிறது, அதுதான் பெரிய கவலை.

சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இல்லை. ஸ்கேனில் கல் இல்லை. சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் சரி. அதற்கு முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தாயிற்று, பலனில்லை. இரவில் தண்ணீரைக் குறைக்கலாமா என்று கேட்டதற்கு, கூடவே கூடாது என்றார் மருத்துவர். சினைப்பையை எடுத்த பின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து, சிறுநீர்க் குழாயை இறுக்கிப் பிடிக்கும் தசை தளர்ந்துவிடுகிறதாம். பெரிய உடம்புள்ள நாய்களுக்கு இது அதிகம் வருமாம். ஃபினைல்புரோபனோலமைன் அல்லது எஸ்ட்ரியால் கொடுக்கலாம் என்று எழுதித் தந்திருக்கிறார். இங்கே நாங்கள் கேட்ட கடைகளில் இரண்டுமே இல்லை.

அவற்றுக்குப் பதிலாக மனிதர்களுக்கான சளி மாத்திரையைக் கொடுக்கச் சொன்னார்கள் சிலர். அதில் பாராசிட்டமால் போன்றவை கலந்திருக்கலாம், நாய்க்கு ஆபத்து. அதனால் தொடவில்லை.

கடலூரிலோ புதுச்சேரியிலோ, மருத்துவர் சீட்டைக் காட்டி இந்த இரண்டில் ஒன்றை நீங்கள் வாங்கிய கடை எது?