மிக்-21 மாடல் மேல மேட் வார்னிஷ் அடிச்சதும் வெள்ளையா பூத்துடுச்சு, காப்பாத்த வழி இருக்கா?

மஞ்சக்குப்பம்_மாடி
வணக்கம் மக்களே, கடலூர்லேர்ந்து எழுதுறேன். எங்க மாமா ஏர்ஃபோர்ஸ்ல மிக்-21 போர் விமானத்தோட எஃப்.எல். வகைல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவரு, 2025 செப்டம்பர் 26 சண்டிகர்ல மிக்-21க்கு விடை குடுத்தத டிவில பாத்துட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் சரியா பேசல. அவருக்குக் குடுக்கணும்னுதான் 72 ஸ்கேல்ல (நெச அளவுல 72ல ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடல் ஒண்ணு ஆரம்பிச்சேன். 1971 போர் சமயத்துல வெள்ளி உடம்பு மேல பச்சை பூசின மாதிரி, அக்ரிலிக் பெயிண்ட், டீகால் (ஒட்டுற சின்னங்க), பேனல் லைன் (தகடு சேருற கோடு) எல்லாம் முடிச்சு நேத்து சாயங்காலம் தூறல் போட்டுட்டு இருக்கும்போதே மாடி ரூம்ல லாக்கர் மேட் வார்னிஷ் (பளபளப்பு இல்லாத மேல்பூச்சு) அடிச்சேன், பத்து நிமிஷத்துல ரெக்கை பூரா சுண்ணாம்புத் தண்ணி தெளிச்ச மாதிரி ஆயிடுச்சு. மூணு மாச வேலை.

இன்னொண்ணு, மாமா கேனோபிய (விமானி தலைக்கு மேல வர்ற கண்ணாடி மூடி) பாத்ததுமே கண்டுபுடிச்சிட்டாரு. "எஃப்.எல்.லுக்கு கண்ணாடி முழுசா முன்பக்கமா தூக்கும்டா, இதுல நடுவுல சட்டம் வருது, இது சைடுல தெறக்குற வண்டி"ன்னாரு. நான் வாங்கின கிட் மிக்-21ல பி.எஃப்.எம்.ங்கிற வேற வகை, அது எனக்கு வாங்கும்போது தெரியல. இதயும் சரி பண்ண முடியுமா?

முத்தியால்பேட்டை72
ப்ரோ இது என் ஜாகுவார் மாடலுக்கும் நடந்துச்சு, 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் வந்த அந்த வாரம், பாண்டில காத்துல பாதி தண்ணிதான். நான் ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல தொடச்சு எல்லாத்தயும் எடுத்துட்டு மறுபடி அடிச்சேன். பிளாஸ்டிக்குக்கு ஒண்ணும் ஆகல.

நெல்லித்தோப்பு_ஸ்ப்ரே
தம்பி அவசரப்பட்டு தொடச்சிடாதீங்க, டீகாலும் சேந்து போயிடும். நான் இருவது வருஷம் கார் பெயிண்டிங் பாத்தவன், மழைநாள்ல இது எங்களுக்குப் பழகின தொல்லை, "பூத்துடுச்சு"ன்னே சொல்லுவோம். லாக்கர்ல இருக்குற தின்னர் வேகமா ஆவியாகும்போது அந்த எடத்த குளுர வச்சிடும், ஐஸ் தண்ணி டம்ளர் வேர்க்குற மாதிரி காத்துல இருக்குற ஈரம் அங்க படிஞ்சு படலத்துக்குள்ளயே மாட்டிக்கும், அந்த வெள்ளைதான் இது.

மொதல்ல ஒரு சோதனை. விரல தண்ணில தொட்டு ரெக்கைக்கு அடியில மெதுவா தடவுங்க. ஈரமா இருக்குற வரைக்கும் பச்சை நல்லா தெரிஞ்சு, காஞ்சதும் திரும்ப வெளுத்துச்சுன்னா கோளாறு மேலாப்புல மட்டுந்தான், பாட்டில் அடியில மேட் பொடி கலங்காம நின்னிருந்தாலும் இப்படித்தான் வரும். அதுக்கு ஒரு கிளாஸ் (பளபளப்பு) கோட் அடிச்சாலே நெறம் திரும்பிடும், நல்லா காய விட்டு மறுபடி மெலிசா மேட். ஈரமானாலும் வெள்ளை போகலன்னா உள்ள தண்ணி நிக்குது, அப்ப மாடல் லாக்கருக்குன்னு விக்கிற ரிடார்டர் (காயுறத மெதுவாக்குறது) கலந்த தின்னர மட்டும் தூரத்துலேர்ந்து பனி மாதிரி அடிங்க, வார்னிஷ் எளகி தண்ணி வெளிய போக வழி விடும். நனையுற அளவுக்கு அடிச்சா கீழ இருக்குற அக்ரிலிக்கும் டீகாலும் கரஞ்சிடும், அதனால ஒரு தடவ அடிச்சு பதினஞ்சு நிமிஷம் பொறுத்துப் பாத்துட்டு அடுத்தது. ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர எடுத்துடாதீங்க, அது பிளாஸ்டிக்கயே தின்னுடும்.

அடிக்கிற நேரம் ரொம்ப முக்கியம். ஐப்பசி கார்த்திகைல நம்ம கடலோரத்துல சாயங்காலம் லாக்கரத் தொடவே கூடாது, வெயில் அடிக்கிற நாளா பாத்து மத்தியானம் பதினொண்ணுலேர்ந்து மூணுக்குள்ள முடிச்சிடுங்க. கம்ப்ரசர்ல வாட்டர் ட்ராப் (காத்துல வர்ற தண்ணிய புடிக்கிற கிண்ணம்) இருந்தா அதுல இருக்குற தண்ணிய தெறந்து விட்டுட்டு ஆரம்பிங்க.

புதுநகர்_டெல்டா
கேனோபிக்கு நான் சொல்றேன். மாமா சொன்னதுதான் சரி, எஃப்.எல். பழைய பி.எஃப். வகை வழில வந்தது, விண்ட்ஸ்க்ரீனும் கேனோபியும் ஒரே துண்டா முன்னால கீல் வச்சு தூக்கும். பி.எஃப்.எம்.லேர்ந்துதான் விண்ட்ஸ்க்ரீன் தனியா நின்னு கேனோபி வலது பக்கமா தெறக்கும். பி.எஃப்.எம். கிட் கெடச்சது உங்க நல்ல நேரம், பின்னால வந்த மிக்-21 பிஸ் வகை கிட்டா இருந்தா முதுகே பெருத்திருக்கும், அத செதுக்கி எடுக்குறது பெரிய வேலை. வாலத் தொடாதீங்க, நம்ம எஃப்.எல்.லுக்கு அகல வால்தான்.

அந்த நடுச் சட்டத்த 1000 நம்பர் வாட்டர் பேப்பர தண்ணில நனச்சு தேய்ச்சு எடுங்க, அப்புறம் 2000, 3000, கடைசியா ரப்பிங் காம்பவுண்ட் பஞ்சுல. உள்பக்கம் விரல் வச்சு தாங்கிப் புடிங்க, ஒரு எடத்துலயே அழுத்துனா விரிசல் விடும். முழுசா பி.எஃப். வளைவு வராது, ஆனா கேனோபிய மூடின மாதிரி ஒட்டினா கண்ணு ஏத்துக்கும்.

மஞ்சக்குப்பம்_மாடி
அண்ணே ரொம்ப நன்றி. விரல் சோதனை பண்ணேன், ஈரத்துல பச்சை அப்படியே தெரிஞ்சுது. இன்னிக்கு வெயில் நல்லா இருந்துச்சு, பன்னண்டு மணிக்கு கிளாஸ் அடிச்சேன், இடது ரெக்கை முழுசா திரும்பிடுச்சு, வலதுல ரவுண்டல் (ஏர்ஃபோர்ஸ் வட்டச் சின்னம்) ஓரத்துல மட்டும் நகக்கண் அளவு வெள்ளை நிக்குது, அதுக்கு ரிடார்டர் ஆர்டர் போட்டிருக்கேன். கேனோபிய மாமாவே தேய்க்கிறேன்னு வாங்கிட்டுப் போயிட்டாரு, 2000 வரைக்கும் வந்திருக்காரு, ஜன்னல் பக்கம் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு "இன்னும் சட்டம் தெரியுது"ன்னு மறுபடி உக்காருறாரு.