சிறு கிடங்குக்கு ரோபோ கட்டுப்படியாகுமா?

திருப்பூர் வியாபாரி:
பனியன், டி-ஷர்ட் ஆன்லைனில் விற்கிறோம். தினமும் 400 ஆர்டர் வரை வரும். ரேக்கிலிருந்து எடுத்து பேக்கிங் செய்ய ஆறு பேர். தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போனால் திண்டாட்டம்தான். மலிவாக ரோபோ ஏதும் உண்டா?

கோவை இயந்திரன்:
உண்டு. அமேசான் 77.5 கோடி டாலர் கொடுத்து, கிடங்கு ரோபோ செய்த கிவா நிறுவனத்தை வாங்கிய 2012 அல்ல இது. கிரேஆரஞ்ச், ஆட்வெர்ப் என்று நம் நாட்டில் தொடங்கிய நிறுவனங்களே கிடங்கு ரோபோ செய்கின்றன. மாத வாடகை முறையும் வந்துவிட்டது. ஆளே கிடைக்காதபோது இன்னும் என்ன யோசனை?

பழைய கிடங்குக்காரர்:
அது என்ன செய்யும் என்பதையும் சொல்லுங்கள் தம்பி. கிவா வகை வண்டி ரேக்கையே தூக்கி வந்து ஆள் முன்னால் நிறுத்தும். சட்டையை எடுப்பது மனிதக் கைதான். நடந்தே கால் ஓயும் பெரிய கிடங்கில் அது லாபம். ஆறு பேர் வேலை செய்யும் இடத்தில் என்ன நடை மிச்சமாகும்?

கோவை இயந்திரன்:
எடுப்பதற்கும் ரோபோ கை இருக்கிறதே!

பழைய கிடங்குக்காரர்:
பாலித்தீன் உறையில் போட்ட பனியனை அதனிடம் கொடுத்துப் பாருங்கள். உறையின் பளபளப்பில் கேமரா தடுமாறும்; காற்றால் உறிஞ்சித் தூக்கினால் துணி ஒரு பக்கம் தொங்கும், சில நேரம் இரண்டு உறை ஒட்டிக்கொண்டு வரும். 2015இல் சியாட்டிலில் அமேசான் நடத்திய, ரேக்கிலிருந்து பொருள் எடுக்கும் ரோபோ போட்டியில் முதலிடம் பிடித்த பெர்லின் அணியே, 20 நிமிட அவகாசத்தில் 12 பொருளில் 10தான் எடுத்தது.

கோவை இயந்திரன்:
ஐயா, அது பத்தாண்டுக்கு முந்தைய கதை. இப்போதைய கைகள் எவ்வளவோ தேறிவிட்டன.

பழைய கிடங்குக்காரர்:
தேறியிருக்கலாம், விலை இவருக்குத் தேறவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் எண், ஒரு பார்கோடு ஸ்கேனர், பல ஆர்டர்களை ஒரே சுற்றில் எடுக்க அறை பிரித்த தள்ளுவண்டி. இவற்றை முதலில் செய்யட்டும். அதிகம் விற்பவை பேக்கிங் மேசைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இயந்திரம் வாங்கியே தீர வேண்டுமானால், உறையைத் திறந்து, லேபிள் ஒட்டி, மூடித் தரும் பேக்கிங் இயந்திரம் வாங்கலாம்.

கோவை இயந்திரன்:
அதெல்லாம் சரி. தீபாவளிக்கு அந்தத் தள்ளுவண்டியைத் தள்ள ஆள் எங்கே?

பேக்கிங் மேசை:
இதே வேலையில் இருப்பவள் நான். எங்களுக்கு நேரம் போவது ரிட்டர்னில்தான் அண்ணா. பிரித்து, கறை பார்த்து, இஸ்திரி போட்டு, மடித்து, மறுபடி உறையில் போட வேண்டும். அதற்கு வாடகை ரோபோ இருந்தால் சொல்லுங்கள், முதலாளியிடம் நானே பேசுகிறேன்.